சிவக்குமாருக்கு நாங்கள் கொடுத்த டிப்ஸ்

1

இந்த நாட்டுக்கு வந்து பதினேழு வருடம் ஆகிறது. இதுவரை யாருக்கும் டிப்ஸ் கொடுத்ததில்லை. கருமிகள் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். ஆஸ்திரேலியாவில் அந்தப் பழக்கம் கிடையாது. வந்த புதிதில் பிரிஸ்பேனில் ஒரு சாப்பாட்டுக் கடையில் என் வீட்டுக்காரர் கணேசன் தட்டுக்கு அடியில் ஐந்து டாலர் வைத்துவிட்டு எழுந்தார். பரிமாறிய பெண் தெருமுனைவரை ஓடிவந்து, மறந்துவிட்டீர்கள் என்று அவர் கையில் திணித்துவிட்டுப் போனாள். அன்றைக்கு அவர் முகம் போன போக்கை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வரும். சாந்தன்பாறையில் டூரிஸ்ட் ஜீப் ஓட்டிய மனுஷன். கொடுத்த டிப்ஸ் திரும்பி வந்ததை அதற்கு முன் அவர் பார்த்ததே இல்லை.

எங்களைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. என் அப்பா கேரள மலையில் சித்திரபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் பங்களா பட்லராக இருந்தார். துரைமாரும் கம்பெனிக்காரர்களும் வந்து தங்கும் பங்களா. சம்பளம் வீட்டு அரிசிக்குச் சரியாகப் போகும். எங்கள் பள்ளிக்கூடச் செருப்பு, என் அண்ணனின் டைப்ரைட்டிங் வகுப்பு, தீபாவளித் துணி எல்லாம் விருந்தாளிகள் போகும்போது அப்பா கையில் வைத்துவிட்டுப் போனதில் வந்தவை. கணேசன் கதையும் அதேதான். வடக்கேயிருந்து வரும் புதுமணத் தம்பதிகள் ஜீப்பை விட்டு இறங்கும்போது கொடுத்த காசில்தான் எங்கள் கல்யாணப் பந்தலே நின்றது. டிப்ஸில் வளர்ந்த இரண்டு பேர் டிப்ஸ் இல்லாத நாட்டில் வந்து குடியேறியிருக்கிறோம்.

இப்போது அவர் டவுன் பஸ் ஓட்டுகிறார். நான் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். விரிப்பு மாற்றுவது, குளிப்பாட்டுவது, ஊட்டுவது. மகள் பிருந்தா ஆறு வயதில் எங்களோடு வந்தவள். பிசியோதெரபி படித்துப் போன வருடம் வேலைக்குச் சேர்ந்தாள். எங்கள் இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்குத் தன் சம்பளத்தில் டிக்கெட் எடுத்து ஒன்பது நாள் கப்பலில் கூட்டிப் போனாள். பசிபிக் தீவுகளைச் சுற்றிவிட்டுத் திரும்பும் கப்பல். நடத்துவது அமெரிக்கக் கம்பெனி. இந்த விவரத்தை நாங்கள் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

2

எங்கள் அறையில் ஒரு சின்ன இரும்புப் பெட்டி இருந்தது, பாஸ்போர்ட் வைக்க. முதல் நாளே கணேசன் அதோடு மல்லுக்கட்டினார். நம்பரை அமுக்குவார், அது கீச்சென்று கத்தும்.

"கருமம் பிடிச்சது! அமுக்குனா பூட்டணும், இல்ல தொறக்கணும். இது என்னத்துக்குக் கத்துது?"

கதவு திறந்துதான் இருந்தது. வெளியே துண்டுகள் அடுக்கிய வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த ஆள் சட்டென்று நின்றார்.

"ஏனுங்கண்ணா, மொதல்ல கதவச் சாத்தோணுமுங்க. அப்பறம் நாலு நம்பரு. தொறந்து வெச்சுட்டு அமுக்குனா அது கத்தத்தானுங்க செய்யும்."

நாங்கள் மூன்று பேரும் வாயைப் பிளந்தோம். சட்டையில் சிவா, இந்தியா என்று பட்டை. முழுப்பெயர் சிவக்குமார். ஊர் கோவிந்தாபுரம்.

"கொல்லங்கோட்டுக்கு அந்தாண்டைங்க. செக்போஸ்ட்டுல இருந்து எட்டி நடந்தா நம்மூடு. நீங்க மலைக்காரங்களாக்கு? பேச்சுல தெரியுதுங்க."

நாற்பத்து மூன்று வயது. கப்பலில் பதினோரு வருடம். ஒன்பதாம் தளத்தில் எங்கள் வரிசை முழுக்க அவர் பொறுப்பு. ஊரில் பத்து ஏக்கர் தென்னையும் மாவும் வைத்திருந்த குடும்பம், பங்கு பிரிந்து இவர் பங்குக்குத் தண்ணீரில்லாத மூலை வந்து சேர்ந்ததாம். வீட்டில் என்ன வேலை என்று சொல்லியிருக்கிறீர்கள் என்று கணேசன் கேட்டார். "ஓட்டல் மேனேஜ்மென்ட்டுனு சொல்லியிருக்கறனுங்க. பொய்யில்லீங்களே, ஓட்டலுந்தான், மேனேஜ் பண்றதுந்தான்" என்று சிரித்தார்.

அன்று முதல் அறையைச் சுத்தம் செய்ய அவர் வரும்போது நாங்கள் வெளியே போகாமல் அங்கேயே இருப்போம். என் கை சும்மா இருக்காது. தினமும் பன்னிரண்டு கட்டில் விரிப்பவள் நான். மறுபக்கம் விரிப்பைப் பிடிக்கப் போவேன். "அக்கா, ஆராச்சும் பாத்தா எனக்குத்தான் திட்டு விழுகும், உக்காருங்க" என்பார். ஒரு அறைக்கு எத்தனை நிமிடம் என்பது முதல் எல்லாவற்றுக்கும் அங்கே கணக்கு இருந்தது.

3

அவர் காலைக் கவனித்தது பிருந்தாதான். மூன்றாம் நாள் காலை, அவர் கட்டிலுக்கு அடியில் குனிந்துவிட்டு எழுந்தபோது தமிழும் ஆங்கிலமுமாகக் கேட்டாள்.

"அங்கிள், உங்க இடது முட்டில வெயிட்டே போட மாட்டேங்குறீங்க. எவ்ளோ நாளா?"

அவர் முதலில் மழுப்பினார். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து சொன்னார்.

"ரெண்டு வருசமாச்சுங்க அம்மணி. முட்டி போயிருச்சு. ஒரு நாளைக்கு இருவது ரூமு, குனிஞ்சு நிமுந்து குனிஞ்சு நிமுந்து. ஊட்ல சொல்லுல. இங்கயுஞ் சொல்லுல. சொன்னா மெடிக்கல்ல எடுத்துப்போட்டு ஊருக்கு அனுப்பிருவாங்க."

பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார். "ஆனா ஒரு வழி இருக்குதுங்கக்கா. தளத்துக்கு சூப்பர்வைசர் எடுக்கறாங்க. லிஸ்ட்டுல நம்ம பேரும் இருக்குது. இந்த ட்ரிப்பு ரிப்போர்ட்டோட முடிவு பண்ணீருவாங்க. ஒரு செகப்புக் கோடு விழுகாம இருந்துட்டா, அடுத்த காண்ட்ராக்ட்டுல குனியற வேலை இல்லீங்க. நோட்டுப் புடிச்சுட்டு நடக்கற வேலைதான்."

பிருந்தா அவரை நாற்காலியில் உட்காரவைத்து, காலை நீட்டி மடக்கும் பயிற்சி இரண்டு சொல்லிக்கொடுத்தாள். அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே செய்தார். எனக்கு என் மகளை நினைத்துப் பெருமையாக இருந்தது. எங்களோடு தமிழில் பேசுவதையே அவள் குறைத்துக்கொண்டு வரும் காலம் இது. இந்த மனிதரிடம் தேடித் தேடித் தமிழ்ச் சொல் எடுத்துப் பேசினாள்.

இந்த ஆளுக்கு நாம் ஏதாவது செய்ய வேண்டும் என்று நானும் கணேசனும் அன்று முடிவு செய்தோம். எங்கள் தலையில் சனி ஏறி உட்கார்ந்தது அந்த நேரத்தில்தான் என்று நினைக்கிறேன்.

4

அறையில் இருந்த டிவியில் எங்கள் கணக்கைப் பார்க்கலாம். ஐந்தாம் நாள், தீவு எதுவும் இல்லாமல் கடலிலேயே போன நாளில், கணேசன் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். ஒரு தலைக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று சேவைக் கட்டணம் தானாக ஏறிக்கொண்டிருந்தது.

"இது யார் கைக்குப் போகுது?"

"அது டிப்ஸ்ப்பா. கப்பல்ல வேலை செய்ற எல்லாருக்கும் பிரிச்சுக் குடுப்பாங்க. அதை விடுங்க" என்றாள் பிருந்தா.

கணேசன் சிரித்த சிரிப்பைப் பார்க்க வேண்டுமே. "பிரிச்சுக் குடுப்பாகளாம்ல" என்று என்னைப் பார்த்தார். எனக்கும் சிரிப்புதான்.

எங்கள் எஸ்டேட் பங்களாவில் ஒரு காலத்தில் பெட்டி வைத்தார்கள். விருந்தாளிகள் பட்லர் கையில் காசு கொடுக்கக் கூடாது, வாசலில் இருக்கும் பெட்டியில் போட வேண்டும், வருடக் கடைசியில் எல்லோருக்கும் சமமாகப் பிரிக்கப்படும் என்று புது மேனேஜர் போட்ட உத்தரவு. வருடக் கடைசியில் அப்பாவுக்கும் தோட்டக்காரருக்கும் சமையல்காரருக்கும் ஆளுக்கு ஒரு போர்வை கிடைத்தது. அப்பா அந்தப் போர்வையைக் கடைசிவரை போர்த்தவில்லை. நாய்க்கு விரித்தார். கணேசனுக்கு ரிசார்ட் கவுண்டர். ஜீப் டிரைவருக்கென்று விருந்தாளிகள் கவுண்டரில் கொடுப்பது கவுண்டரைத் தாண்டி வந்ததில்லை. எங்கள் பக்கத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கல்யாணத்தில் சமையல் மேஸ்திரிக்குக் கணக்கு முடித்துவிட்டு, பாத்திரம் கழுவிய பெண்களைத் தனியாகக் கூப்பிட்டுக் கையில் கொடுப்போம். கோயில் கொடை விழாவில் மேளக்காரர்களுக்குக் கமிட்டி கொடுத்தாலும் நாங்களும் கையில் கொடுப்போம். ஆபீஸ் வழியாகப் போகும் காசு ஆபீஸோடு நின்றுவிடும் என்று நாங்கள் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை, ஆனால் பெருக்கல் வாய்ப்பாட்டைவிட நன்றாகத் தெரியும்.

"நீங்க ரெண்டு பேரும் எல்லா எடத்துலயும் ஒரு திருடனைத் தேடுறீங்க" என்று சொல்லிவிட்டுப் பிருந்தா நீச்சல் குளத்துக்குப் போய்விட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அவள் போன பத்தாவது நிமிடம் நாங்கள் இரண்டு பேரும் ஐந்தாம் தளத்தில் இருந்த விசாரணைக் கவுண்டரில் நின்றோம். அந்தக் கட்டணத்தை எங்கள் கணக்கிலிருந்து எடுத்துவிடச் சொல்லிவிட்டு, அதைப்போல் இரண்டு மடங்கைச் சிவக்குமார் கையில் கொடுப்பது என்பது எங்கள் திட்டம்.

5

கவுண்டரில் பெரிய வரிசை. எல்லோரும் அதே காரியத்துக்குத்தான் வந்திருந்தார்கள். எனக்கு முன்னால் நின்ற பெரியவர் பனியனோடு இருந்தார். நாங்கள் ஆஸ்திரேலியர்கள், எங்களுக்கு இந்தப் பழக்கம் இல்லை, எடுங்கள் என்று கவுண்டர் பெண்ணிடம் சத்தமாகச் சொன்னார். திரும்பும்போது என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். கூட்டாளி என்று நினைத்துவிட்டார் போல. எனக்கு உடம்பு கூசியது. ஐயா, நான் அதிகம் கொடுக்க வந்தவள் என்று அவரிடம் சொல்ல நினைத்தேன்.

எங்கள் முறை வந்தது. நான் என் இங்கிலீஷில் விளக்கினேன். பணம் கொடுக்க மாட்டோம் என்று சொல்லவில்லை, எங்கள் கையாலேயே கொடுக்க விரும்புகிறோம் என்று. கவுண்டர் பெண் நன்றாகத் தலையாட்டிக் கேட்டாள். பிறகு திரையைப் பார்த்தாள்.

காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் மூன்றுதான் உண்டு. சேவை சரியில்லை. பண நெருக்கடி. மற்றவை.

"பண நெருக்கடின்னு போட்டுராத" என்று கணேசன் என் காதில் முணுமுணுத்தார். "மக சம்பளத்துல வந்துட்டு அப்படிப் போடுறது அவளுக்குக் கேவலம்."

மற்றவை என்று போட்டால் மேலாளர் வந்து கையெழுத்துப் போட வேண்டும், அரை மணி நேரம் காத்திருக்க முடியுமா என்று பெண் கேட்டாள். பின்னால் வரிசையில் பெருமூச்சு கேட்டது.

இங்கேதான் நான் அந்தத் தப்பைச் செய்தேன். வேறு யார்மேலும் பழி போட வழியில்லை.

எங்கள் ஊர் வில்லேஜ் ஆபீஸில் அபேக்ஷை என்ற மலையாள விண்ணப்பத்தாள் எதை எடுத்தாலும் ஆவஸ்யம் என்று ஒரு கட்டம் இருக்கும், இந்தக் காகிதம் உனக்கு எதற்கு என்று. அதில் உண்மையை எழுதினால் இன்னொரு காகிதம் கொண்டுவா என்பார்கள். அதனால் எது சீக்கிரம் நகருமோ அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவோம். அண்ணன் டிரைவிங் லைசென்ஸுக்காகக் கேட்ட இருப்பிடச் சான்றிதழில், பட்டாளத்தில் சேர என்று இருக்கிறது. அண்ணன் இன்றுவரை பட்டாளத்தை டிவியில்தான் பார்த்திருக்கிறான். அதை யாரும் திருப்பிப் படித்ததில்லை, யாருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை. காரணக் கட்டம் என்பது கதவைத் திறக்க வைத்திருக்கும் ஒன்று என்று நம்பித்தான் நாங்கள் வளர்ந்தோம்.

"எதையாவது போடுங்கள்" என்று நான் சொன்னேன். "முதலில் இருப்பதையே போடுங்கள்."

கவுண்டர் பெண் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். நிச்சயமாகவா என்று கேட்டாள். நிச்சயமாக என்றேன். கையெழுத்துப் போட்டேன். திரும்பும்போது கணேசன் ஜெயித்த மாதிரி கையை வீசி நடந்தார்.

6

மறுநாள் காலை சிவக்குமார் தனியாக வரவில்லை. கூட ஒரு அதிகாரி இருந்தார், கோட்டு போட்டவர், எந்த நாட்டுக்காரர் என்று தெரியவில்லை. சிவக்குமார் எங்களிடம் இங்கிலீஷில் குட் மார்னிங் சொன்னார்.

அறைச் சேவையில் குறை இருப்பதாகப் பதிவாகியிருக்கிறது, என்ன குறை என்று அதிகாரி கேட்டார். நான் பதறிப்போய் ஒரு குறையும் இல்லை, இவரைப்போல ஒருவர் கிடைக்க மாட்டார் என்று சொன்னேன். கணேசனும் சொன்னார். அதிகாரி எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். குறை இப்போது சரிசெய்யப்பட்டு நீங்கள் திருப்தியாக இருக்கிறீர்கள் என்று எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டார். குறையே இல்லாதபோது எதைச் சரிசெய்தார்கள் என்று நான் கேட்டேன். அவருக்கு அது புரியவில்லை. அல்லது அதை எழுத அவரிடமும் கட்டம் இல்லை.

அரை மணி நேரம் கழித்துச் சிவக்குமார் துண்டு கொண்டுவந்தார். கதவைத் திறந்து வைத்துக்கொண்டே, வாசலில் நின்றபடி மெதுவாகக் கேட்டார்.

"அக்கா, கீழ கவுண்டர்ல போயி எடுத்தீங்களாக்கு?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். உங்கள் கையில் கொடுக்கத்தான் எடுத்தோம் என்றேன். அவர் கண்ணை மூடித் திறந்தார்.

"கையில குடுத்தா நாங்க வெச்சுக்க முடியாதுங்கக்கா. எடுத்த ரூம்காரங்க எத்தன குடுத்தாலும் அப்பிடியே கொண்டுபோயி ஆபீஸ்ல கட்டோணும். எல்லாப் பக்கமும் கேமரா. அது போகுதுங்க. காசு பெருசில்லீங்க. சும்மா எடுத்திருந்தீங்கன்னாக்கூட ஒண்ணுமில்லீங்க, பாதிப்பேரு எடுக்கறாங்க. சேவை சரியில்லீனு போட்டுட்டீங்களே."

"செகப்புக் கோடு விழுந்துருச்சா தம்பி?" என்று கணேசன் கேட்டார்.

"ஆமாங்கண்ணா."

எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இதுதான் என்னைத் தின்கிறது. எங்கள் முதியோர் இல்லத்திலும் இதே சட்டம்தான். ஒரு கிரேக்கப் பாட்டியம்மா எனக்குக் கழுத்துத் துண்டு ஒன்று பின்னிக் கொடுத்தார். நான் அதை ஆபீஸில் ஒப்படைத்து மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தேன். என்னைப் பற்றி யாராவது ஒரு வரி எழுதிவிட்டால் அது வருடக் கடைசிவரை என் பின்னாலேயே வரும் என்பதும் எனக்குத் தெரியும். இவ்வளவும் தெரிந்தவள், கப்பலில் விருந்தாளியாக ஏறியதும் மறந்துவிட்டேன். கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்றால் அந்தப் பக்கம் தெரியாமல் போய்விடுகிறது.

7

பிருந்தாவிடம் சொல்லாமல் மறைக்க முடியவில்லை. கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு, நல்ல சட்டையாக எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தாள். "வாங்க, நான் பேசுறேன்" என்றாள்.

அவளோடு நடந்தபோது எனக்குப் பாதி பயம் தெளிந்தது. உண்மையைச் சொல்கிறேன், இந்த நாட்டில் நாங்கள் பட்ட பாடெல்லாம் இந்த ஒன்றுக்காகத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நாங்கள் திக்கித் திணறும் கவுண்டரில் எங்கள் பிள்ளை அவர்கள் பாஷையில், அவர்கள் உச்சரிப்பில் நின்று பேசும். கதவு திறக்கும். அவள் எங்களைவிட்டு எவ்வளவு தள்ளிப் போனாலும் அதற்கு இப்படி ஒரு பலன் இருக்கிறது என்று மனதைத் தேற்றிவந்திருக்கிறேன்.

அவள் நன்றாகத்தான் பேசினாள். கோபமில்லாமல், தெளிவாக, என் அம்மா காரணத்தைத் தவறாகச் சொல்லிவிட்டார், அதை நீக்க வேண்டும் என்றாள். மேலாளரைக் கூப்பிடச் சொன்னாள். மேலாளர் வந்தார். கட்டணத்தைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம், முதல் நாளிலிருந்தே சேர்த்துக்கொள்ளலாம் என்றார். சேர்த்தார்கள். பதிவான காரணத்தை நீக்க முடியுமா என்று கேட்டாள். அது இந்தக் கவுண்டருக்கு உட்பட்டதல்ல, கரையில் இருக்கும் அலுவலகத்துக்குப் போய்விட்டது என்றார். அங்கே யாரிடம் பேசுவது என்று கேட்டாள். அது உள் ஆவணம், விருந்தினர்கள் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை என்றார். நான்கு விதமாகக் கேட்டாள். நான்கு தடவையும் அவர் சிரித்த முகத்தோடு அதையே சொன்னார். கடைசியில் ஒரு பாராட்டு அட்டை கொடுத்து, நல்லதை இதில் எழுதுங்கள் என்றார்.

லிஃப்டில் ஏறியதும் பிருந்தா சுவரில் சாய்ந்துகொண்டாள். "ஐ ட்ரைட், அம்மா" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. நான் அவள் தோளைத் தொட்டேன். சின்ன வயதில் ரேஷன் கார்டுக்காக அப்பா கூடப் போய், காரியம் ஆகாமல் நான் எப்படி நின்றேனோ அப்படித்தான் அவளும் நின்றாள். இந்த ஒன்றிலாவது அவள் எங்களைப்போல ஆகாமல் இருந்திருக்கலாம்.

பாராட்டு அட்டையில் மூன்று பேரும் எழுதினோம். இடம் போதாமல் பின்பக்கமும் எழுதினோம்.

8

கடைசி நாள் காலை கணேசன் ஒரு கவரில் பணம் வைத்துக்கொண்டு காத்திருந்தார். சிவக்குமார் வாங்கவில்லை.

"வேண்டாமுங்கண்ணா. இப்ப வாங்கினா, சேவை சரியில்லீனு போட்ட ரூம்ல எதுக்கு இத்தன காசு வாங்குனேனு அதுக்கொரு விசாரணை வரும்."

"தம்பி, நாங்க உங்களுக்கு நல்லது செய்யணும்னுதான்…" என்று கணேசன் இழுத்தார்.

"எனக்குத் தெரியாதுங்களா? எங்கூர்ப் பக்கமும் அப்பிடித்தானுங்க. கையில குடுத்தாத்தான் குடுத்த மாதிரி. எங்கய்யன் இருந்தா அவரும் இதத்தான் பண்ணியிருப்பாரு."

அவர் எங்களைத் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். பிருந்தா முட்டிக்குப் போடும் பட்டை ஒன்றைக் கப்பல் கடையில் வாங்கி வைத்திருந்தாள். அதுவும் பரிசுப்பொருள்தான், அதுவும் கூடாது. அறையிலேயே மறந்து விட்டுவிட்டுப் போங்கள், தொலைந்த பொருள் அறையில் ஒப்படைப்பேன், யாரும் கேட்டு வராவிட்டால் மூன்று மாதம் கழித்து எனக்கே தருவார்கள் என்று அவரே வழி சொன்னார். அப்படியே கட்டில்மேல் வைத்தோம். கணேசன் தன் போன் நம்பரை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அவர் அதை மட்டும் வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

நாங்கள் அறையை விட்டுக் கிளம்பும்போதே அடுத்த பயணத்துக்கான ஆட்கள் கரையில் வரிசை நிற்க ஆரம்பித்துவிட்டார்கள். நடைவழி முனையில் திரும்பிப் பார்த்தேன். சிவக்குமார் எங்கள் அறை வாசலில் ஒரு கையைச் சுவரில் ஊன்றி, இடது காலை நீட்டிவைத்துக் குனிந்துகொண்டிருந்தார்.

9

ஒன்றரை மாதம் கழித்து கோவிந்தாபுரத்திலிருந்து வாட்ஸப்பில் குரல் செய்தி வந்தது. பின்னால் லாரி ஹாரன் சத்தம். கணேசனும் நானும் சமையலறையில் நின்று கேட்டோம்.

"அண்ணா, அக்கா, சௌக்கியங்களா? நான் ஊட்டுக்கு வந்துட்டனுங்க. லிஸ்ட்டுல நம்ம பேரு வரலீங்க. அடுத்த காண்ட்ராக்ட்டும் ரூமு வேலையேதான். பரவால்லீங்க, பாப்பா சொல்லிக்குடுத்த எக்சர்சைசு பண்ணீட்டுத்தான் இருக்கறன். நீங்க மனசுல வெச்சுக்காதீங்க. இங்கால வந்தா ஊட்டுக்கு வரோணும்."

கணேசன் அதை இரண்டாம் முறை போடவில்லை. பதில் சொல்ல மூன்று தடவை போனை வாய்க்கு அருகே கொண்டுபோனார், மூன்று தடவையும் கீழே வைத்தார். கடைசியில் நான் எழுதினேன். எழுதியதெல்லாம் அசட்டுத்தனமாக இருந்தது. மன்னிப்பு என்ற சொல்லை எழுதிவிட்டு அழித்தேன். பிறகு மறுபடி எழுதி அனுப்பினேன்.

அதே வாரம் கப்பல் கம்பெனியிலிருந்து எனக்கு ஒரு மின்னஞ்சல். பிருந்தாதான் வாசித்துச் சொன்னாள். பயணத்தின்போது தங்கள் அறைச் சேவையில் ஏற்பட்ட குறைபாட்டுக்கு மனமார வருந்துகிறோம். தங்கள் புகார் கவனமாகப் பரிசீலிக்கப்பட்டு, சம்பந்தப்பட்ட ஊழியர் குறித்து உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டுள்ளது. தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு ஈடாக, அடுத்த பயணத்தில் செலவு செய்ய நூறு டாலர் தங்கள் பெயரில் சேர்க்கப்பட்டுள்ளது.

தப்புச் செய்தது நான். நஷ்டஈடும் எனக்கே வந்திருக்கிறது.

"திருப்பி அனுப்பு" என்றார் கணேசன். "இல்லன்னா அந்தத் தம்பி பேருக்கு மாத்தச் சொல்லு."

பிருந்தா வெகுநேரம் தேடினாள். வேறு ஒருவர் பெயருக்கு மாற்ற முடியாது. பணமாக எடுக்க முடியாது. வேண்டாம் என்று சொல்லவும் அதில் எங்கேயும் இடம் இல்லை. இரண்டு வருடம்வரை செல்லும் என்று மட்டும் போட்டிருந்தது.